முதியோர் இல்லத்தில் அம்மாவுக்குப் படுக்கைப் புண்: எங்கே புகார் கொடுப்பது?

கோமதி, அல்சூர்:

என் அம்மாவுக்கு 79 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள்; பகலில் அவரைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் பெங்களூரின் வடக்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் மாதம் 28,000 ரூபாய்க்குச் சேர்த்தோம். பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

ஞாயிறுதோறும் போவேன். போகும்போதெல்லாம் அம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடப்பார். "இப்போதுதான் துடைத்துவிட்டோம், தூங்கட்டும்" என்பார்கள். நானும் நம்பினேன். சென்ற ஞாயிறு போர்வையை நானே விலக்கிப் பார்த்தேன். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண், நடுவில் கறுத்திருந்தது. அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிட்டேன். பல நாட்கள் புரட்டிப் படுக்க வைக்காமல் விட்டதால் வந்த புண் என்று மருத்துவர் சொல்கிறார்.

இல்லத்தில் கேட்டால், "வயதானால் வருவதுதான்" என்கிறார்கள். நான் கட்டிய ஒரு லட்சம் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுமானால், "சேவையில் குறை எதுவும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். காவல் நிலையத்தில், இது பணத் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி எனக்கு என்ன வழி இருக்கிறது?

ரகுநாதன், ஜெயநகர்:

மூத்த குடிமக்களுக்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே. உதவி ஆணையர் தலைமையில் தீர்ப்பாயம் நடக்கிறது. அங்கே மனுக் கொடுங்கள் அம்மா.

மல்லிகா, சிவாஜிநகர்:

கோமதி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. என் அப்பா இறந்த வாரம் இதே மாதிரி ஒரு தாளை நீட்டினார்கள். அவருடைய கண்ணாடியையும் செருப்பையும் ஒரு பையில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு நீட்டினார்கள். நான் படிக்காமலே போட்டுவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைத்தது அந்தத் தாளைத்தான். வழக்கு என் பக்கம் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லியே பல வாய்தாக்கள் போயின.

ரகுநாதன் ஐயா சொல்லும் தீர்ப்பாயம், பிள்ளைகளிடமும் உறவினரிடமும் பராமரிப்புத் தொகை கேட்பதற்கானது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு கைவிடுவதைத் தண்டிக்கிறது என்றாலும், முழுவதுமாகக் கைவிடும் நோக்கம் இருந்ததாகக் காட்ட வேண்டும். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு கட்டிலில் போட்டு வைத்தவர்களை அதற்குள் கொண்டுவருவது கடினம்.

உங்களுக்குப் பலமான இடம் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாமல் விடுவது சேவைக் குறைபாடு. நீங்கள் கட்டியது 28,000 வீதம் 14 மாதம், அதாவது 3,92,000 ரூபாய். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். இல்லம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நான் சாந்திநகர் பி.எம்.டி.சி. (மாநகரப் பேருந்துக் கழகம்) கட்டடத்தில் இருந்த ஆணையத்துக்குத்தான் அலைந்தேன். இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள், ஏனென்றால் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அம்மாவைப் புரட்டுவதே இல்லை என்பதைக் கண்ணால் கண்டவர் அடுத்த மாதம் அங்கே இருக்கமாட்டார்.

இன்றே செய்ய வேண்டியது மருத்துவமனையில் இருக்கிறது. சேர்க்கும்போதே புண் இருந்தது, இத்தனை அளவு, இந்த நிலை என்று நோயாளிக் குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எழுத்து மூலம் நகல் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். புண்ணைப் படமெடுங்கள். மனம் வராதுதான், எனக்கும் வரவில்லை. ஆனால் புண் ஆறத் தொடங்கிவிட்டால் அவர்கள் செய்ததற்கு அடையாளம் இல்லாமல் போய்விடும். படங்களைக் கைபேசியிலேயே வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு அவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். ரசீதுகள், சேர்க்கை ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

காவல் நிலையத்தில் சொன்னது தவறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 357ஆம் பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. நோயாலோ உடல் பலவீனத்தாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதே அங்கே குற்றம். தண்டனை சிறியது: மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல்துறை தானாக விசாரிக்க முடியாத குற்றம் என்பதால் நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள். ஆனால் அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது அதே சட்டத்தின் 125ஆம் பிரிவு. அதில் அவர்கள் முதல் தகவல் அறிக்கை பதிய முடியும். நான் வாயால் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கன்னடத்தில் எழுதித் தந்த புகாரை, இந்தப் பிரிவு எண்களோடு கொண்டுபோய் நீட்டி, ஒப்புகைச் சீட்டு தரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகுதான் நாற்காலி போட்டார்கள்.

இன்னொன்று. அந்த இல்லத்தில் ஊசி, டிரிப் எல்லாம் போட்டார்களா? அப்படியானால் அது கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்குள் வரக்கூடும். பதிவு இருக்கிறதா என்று பார்த்து, கே.ஜி. சாலையில் உள்ள மாவட்ட ஆணையர் அலுவலகத்தில் தனியாகப் புகார் கொடுங்கள்.

கோமதி, அல்சூர்:

டிரிப் போட்டதற்கு ரசீதே இருக்கிறது அக்கா. காலையில் மருத்துவரைப் பார்த்தேன். சேர்க்கைக் குறிப்பில் புண்ணின் அளவை எழுதியிருக்கிறார். தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று இல்லத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். முன்பணத்தையும் வழக்கிலேயே சேர்த்துக் கேட்கிறேன்.

மனத்தை அரிப்பது வேறு. அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி இருக்கிறார். யாரும் பார்க்க வந்து நான் கண்டதில்லை. அம்மாவை ஸ்டிரெச்சரில் எடுத்துக்கொண்டு வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நான் உறவு இல்லையே, என்ன செய்ய முடியும்?

மல்லிகா, சிவாஜிநகர்:

உறவாக இருக்க வேண்டியதில்லை. 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை எடுப்பார்கள். பெங்களூரில் 1090 என்ற எண்ணும் இருக்கிறது. கட்டில் எந்த அறையில், எந்தப் பக்கம் என்பது உட்படச் சொல்லுங்கள். இலவச வழக்கறிஞருக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, அந்தப் பாட்டிக்கும் சரி, உங்களுக்கும் சரி.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காவல் நிலையத்துக்கு நானும் வருகிறேன்.