ஆங்கில உச்சரிப்புக்குத் தனிப்பயிற்சி: கோலாலம்பூரில் யாராவது தெரியுமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருக்கிறேன். சிட்னி வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலை. மின்னஞ்சல் எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை. வாயைத் திறந்தால்தான் "மறுபடி சொல்லுங்கள்" என்கிறார்கள்.

எங்கே இடறுகிறது என்று ஓரளவு தெரியும். மேற்குத் திசையைச் சொல்லும் 'வெஸ்ட்'டுக்கு (west) உதட்டைக் குவிக்க வேண்டும். சட்டைக்கு உள்ளே போடும் 'வெஸ்ட்'டுக்கு (vest) மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். என் வாயில் இரண்டும் ஒன்றுதான். அப்புறம் அழுத்தம். 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில், 'போட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதில். நானோ எல்லா அசையையும் ஒரே அளவில் தட்டிவிடுகிறேன்.

வெள்ளைக்காரர் மாதிரி பேச ஆசையில்லை. நம்ம ஊர் சாயல் இருக்கட்டும், கேட்பவருக்குப் புரிந்தால் போதும். அதனால் 'ஒரே மாதத்தில் அமெரிக்க ஆங்கிலம்' வகை விளம்பரங்களை அனுப்பாதீர்கள், ப்ளீஸ்.

நான் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, ஒலி ஒலியாகத் திருத்தும் ஆசிரியர் வேண்டும். தமிழ் தெரிந்தவர் என்றால் ரொம்ப நல்லது, நாக்கு எங்கே சிக்குகிறது என்று சட்டெனப் பிடித்துவிடுவார். வேலைநாள் இரவு 8 மணிக்கு மேல், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலோ ஸூமிலோ முடியும். நீங்களே யாரிடமாவது படித்திருந்தால், மணிக்கு எத்தனை ரிங்கிட், பலன் தெரிந்ததா என்று கீழே எழுதுங்கள்.