பிரேக் மிதித்தால் ரிவர்ஸ் கேமரா திறக்கிறது (குன்னூர் மலைப்பாதை, ஆண்ட்ராய்டு செட்) – உதவி தேவை

குன்னூர் ஓட்டி:
வணக்கம். பழைய ஹேட்ச்பேக் வண்டி. வெளியில் மாட்டிய 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட், ரிவர்ஸ் கேமராவோடு. மழை தொடங்கியதிலிருந்து ஒரு கோளாறு. மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கும்போது பிரேக் மிதித்தால் மேப் மறைந்து ரிவர்ஸ் கேமரா படம் வருகிறது. காலை எடுத்தால் மேப் திரும்பிவிடுகிறது. வண்டி இரண்டாம் கியரில்தான் இருக்கிறது. 14 கொண்டை ஊசியிலும் திருப்பும் நேரம் பார்த்துத் திரை மாறுவதால் கண் தானாக அங்கே போகிறது.

இன்னும் இரண்டு தொல்லை. இரவில் திரை கண்ணைக் கூசுகிறது, பனிமூட்டத்தில் முன் கண்ணாடியில் எதிரொளிக்கிறது. வளைவுகளில் மேப் அம்புக்குறி மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் தாவி, வழியை மாற்றிச் சொல்கிறது. செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

ஆட்டோ எலக்ட்ரிகல், மேட்டுப்பாளையம்:
செட்டை மாற்றாதீங்க சார். கோளாறு பெரும்பாலும் திரையில் இல்லை, பின்னால் டெயில் லேம்ப் எர்த்தில், அதாவது பல்பின் கரண்ட் பாடிக்குத் திரும்பும் இணைப்பில் இருக்கும். முதலில் செட்டுக்குப் பின்னால் போகிற ரிவர்ஸ் சிக்னல் வயரைக் கழற்றி டேப் சுற்றி விடுங்க. கேமரா வேலை செய்யாது, ஆனால் இறக்கத்தில் திரை மாறாது. அப்புறம் இதைச் சோதிங்க.

இருட்டில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் சாவியை ஆன் செய்து பிரேக்கை மிதிங்க. ஒருவர் பின்னால் நின்று ரிவர்ஸ் பல்பைப் பார்க்கட்டும். உள்ளே இழை சிவப்பு நூல் மாதிரி லேசாகத் தெரிந்தால் எர்த் போயிருக்கு. பிறகு மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனையை லேம்ப் ஹோல்டரின் எர்த் பின்னில் வைங்க. பிரேக் மிதித்த நிலையில் இரண்டு பக்கமும் அளவு சொல்லுங்க. பேட்டரி வரை எட்டாவிட்டால், பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் கறுப்பு முனையை வைத்தாலும் போதும்.

குன்னூர் ஓட்டி:
பார்த்தேன். வலது பக்கம் 0.05 வோல்ட். இடது பக்கம் 6 வோல்ட்! ரிவர்ஸ் வயரில் 3 வோல்ட். இரண்டு ரிவர்ஸ் பல்பிலும் அந்தச் சிவப்பு இழை தெரிகிறது.

ஆட்டோ எலக்ட்ரிகல், மேட்டுப்பாளையம்:
அப்படியே பிடிபட்டுவிட்டது. இடது லேம்பில் பிரேக், ரிவர்ஸ், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் எர்த் ஒன்றுதான். அது சரியாகப் பிடிக்காததால் பிரேக் பல்பின் கரண்ட் இறங்க வழியில்லாமல், இடது ரிவர்ஸ் பல்பு வழியே தலைகீழாக ஏறி, ரிவர்ஸ் வயரில் ஓடி, வலது ரிவர்ஸ் பல்பு வழியே பாடிக்குப் போகிறது. ஒரே மாதிரி இரண்டு பல்பு வரிசையில் இருப்பதால் 6-ல் பாதி, 3 வோல்ட். உங்கள் செட்டுக்கு அந்த 3 வோல்ட்டே போதும், ரிவர்ஸ் விழுந்ததாக எடுத்துக்கொள்கிறது.

திரை மாறுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கு சார். 12 வோல்ட்டில் 6 எர்த்திலேயே நிற்பதால், இடது பிரேக் பல்புக்கு இப்போது பாதி வோல்ட்தான் கிடைக்கிறது. இழை பல்பில் வோல்ட் பாதியானால் வெளிச்சம் பாதியில் நிற்காது, பத்தில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். பர்லியார் பனியில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் இடது பிரேக் லைட் தெரியவே தெரியாது. இன்றைக்கே சரி செய்யுங்க.

டிக்கி ஓரத்து அட்டையைக் கழற்றினால் எர்த் போல்ட் தெரியும். கழற்றி, அடியில் இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாள் போடுங்க. பழைய லக்கில் (வயர் முனையில் போல்ட் நுழையும் வளையம்) பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் வெட்டிவிட்டுப் புது லக் அழுத்தி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்க. ஹோல்டரின் பித்தளைத் தகடு கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ ஹோல்டரை மாற்றுங்க, சுரண்டிப் பயனில்லை. லேம்பின் ரப்பர் வாஷரையும் பாருங்க, தண்ணீர் எந்த வழியில் நுழைந்தது என்று தெரியும்.

கோத்தகிரி டிரைவர்:
அண்ணா, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு ஒன்றை ரிவர்ஸ் வயரில் போட்டால் நிற்காதா?

ஆட்டோ எலக்ட்ரிகல், மேட்டுப்பாளையம்:
நிற்காது தம்பி. கசிவும் அசல் சிக்னலும் ஒரே திசையில்தான் செட்டுக்குள் வருகிறது. 12 வோல்ட் ரிலே (கரண்ட் வந்தால் இழுக்கிற சுவிட்ச்) போட்டால் 3 வோல்ட்டுக்கு இழுக்காது, திரை மாறுவது நிற்கும். ஆனால் பிரேக் லைட் மங்கலாகவே இருக்கும், கோளாறு மறைந்துபோகும். அதனால் அதைச் செய்யவே கூடாது.

ஊட்டி கார் ஆடியோ:
மற்ற இரண்டுக்கும் சொல்கிறேன். செட்டின் ஆரஞ்சு வயர் பார்க்கிங் லைட்டோடு சேர வேண்டியது. வெளியில் மாட்டும்போது பல இடங்களில் அதைச் சும்மா விட்டுவிடுவார்கள். லைட் போட்டதே செட்டுக்குத் தெரியாததால் பகல் வெளிச்சத்திலேயே நிற்கும். இணைத்த பிறகு செட்டிங்கில் இரவு வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து, மேப் நிறத்தை இரவு வகைக்கு மாற்றுங்கள்.

அம்புக்குறி தாவ இரண்டு காரணம். ஜிபிஎஸ் ஆன்டெனாவைச் செட்டின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் திணித்திருப்பார்கள். டேஷ்போர்டு மேல், கண்ணாடி ஓரத்தில், காந்தப் பக்கம் கீழே இருக்க வையுங்கள். அடுத்தது, கொண்டை ஊசியின் மேல் கையும் கீழ் கையும் மேப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. சில மீட்டர் பிசகினாலே அம்பு அடுத்த ரோட்டில் உட்காரும். அதோடு, வண்டியின் திசைக்கு ஏற்ப மேப் சுழலும்படி வைத்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் படம் முழுக்கத் திரும்பும். வடக்கு மேலே இருக்கும்படி மாற்றி, தமிழ்க் குரலைப் போட்டுக் காதால் கேளுங்கள். புறப்படும் முன்பே மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் ஓடும்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-ல் தந்த வழிகாட்டுதலில், திரையை ஒருமுறை பார்க்க 2 விநாடி, ஒரு வேலை முழுவதற்கும் 12 விநாடி என்பதே உச்சம். 30 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். நம் வளைவில் அந்த 17 மீட்டருக்குள் எதிரே பஸ் வந்து நிற்கும். அதனால் வளைவில் 2 விநாடியும் அதிகம்தான்.

இன்னொன்று. செட்டின் ஹேண்ட்பிரேக் வயரை நேராகப் பாடியில் முடித்திருந்தால் ஓட்டும்போதும் வீடியோ ஓடும். ஹேண்ட்பிரேக் சுவிட்சோடு சேர்த்துவிடுங்கள்.

குன்னூர் ஓட்டி:
இடது எர்த் லக் முழுக்கக் களிம்பு, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. புதிது போட்ட பிறகு 0.04 வோல்ட், ரிவர்ஸ் வயரில் பூஜ்யம். இரண்டு பிரேக் லைட்டும் ஒரே அளவு எரிகிறது. ரிவர்ஸ் வயரைத் திரும்ப மாட்டி, நின்ற இடத்தில் இருபது முறை மிதித்துப் பார்த்தேன், திரை மாறவில்லை. ஹேண்ட்பிரேக் வயர் பாடியில்தான் முடிந்திருந்தது, சுவிட்சுக்கு மாற்றிவிட்டேன். ஆரஞ்சு வயர் நாளைக்கு.

ஆட்டோ எலக்ட்ரிகல், மேட்டுப்பாளையம்:
நல்லது சார். அட்டையை மூடும் முன் வலது பக்க லக்கையும் ஒருமுறை கழற்றிப் பாருங்க, அதே மழைதான் அங்கேயும் பெய்தது. ரிவர்ஸ் வயரை லேம்ப் பக்கம் முறுக்கி டேப் மட்டும் ஒட்டியிருந்தால் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் (காப்பு உறை) போடுங்க.