'ஆற்றுப் பனி': இருபது எழுத்துக் கவிதைக்கு முன்கதை தேவையா?

தூண்டில்காரன்:
சீன இயற்கைக் கவிதையைக் கவிஞனின் வாழ்க்கை தெரியாமல் படித்தால் பாதிதான் புரியும் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. தாங் அரசமரபுக் காலத்துக் கவிஞர் லியு சோங்யுவானின் 'ஆற்றுப் பனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு ஐந்து எழுத்து (சீனத்தில் ஓர் எழுத்தே ஒரு சொல்), நாலே வரி. சொல்லுக்குச் சொல் வைத்தால்:

ஆயிரம் மலை, பறவை பறப்பது அற்றது
பத்தாயிரம் பாதை, ஆள் தடம் மறைந்தது
ஒற்றைப் படகு, புல் அங்கி, மூங்கில் தொப்பி, கிழவன்
தனியே தூண்டில், குளிர் ஆறு, பனி

ஆயிரம் மலையில் இருந்த கண் ஒரு தூண்டிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பறவையும் தடமும் ஏன் இல்லை? கடைசி எழுத்தில்தான் தெரிகிறது. அதுவரை பனியை ஒளித்து வைத்திருக்கிறார். இதற்கு எதற்கு வாழ்க்கை வரலாறு?

பரணி:
நேற்று எழுதியது நான்தான். 805இல் லியு சேர்ந்திருந்த சீர்திருத்தக் குழு அரசவையில் கவிழ்ந்தது. தலைநகரிலிருந்து தூக்கித் தெற்கே யோங்ஜோவுக்கு அனுப்பினார்கள். கூடப்போன அம்மா அடுத்த வருடமே அங்கே இறந்துபோனார். பத்து வருடம் அங்கேயே கிடந்தார். இப்போது நாலு வரியின் முதல் எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: ஆயிரம், பத்தாயிரம், ஒற்றை, தனி. இது வெறும் காட்சியா?

அப்புறம், பனியை ஒளித்து வைத்தார் என்கிறீர்களே, தலைப்பிலேயே பனி இருக்கிறதே ஐயா!

தூண்டில்காரன்:
தலைப்பை மறந்துவிட்டேன், மாட்டிக்கொண்டேன். சரி. ஆனால் அந்த நாலு சொல்லும் கவிதைக்குள்ளேதானே இருக்கின்றன? அதைப் பார்க்க 805 தேவையில்லை. கதையை முதலில் சொல்லிவிட்டால் எவனும் கிழவனைப் பார்க்க மாட்டான், லியுவைத்தான் பார்ப்பான். யோங்ஜோவுக்குப் போனபோது லியுவுக்கு முப்பத்துச் சொச்சம் வயது. கிழவன் வேறு ஆள்.

கடலோரம்:
நடுவில் ஒரு வார்த்தை. ஹாங்காங்கில் வேலை பார்த்தபோது கூட இருந்தவர் இதை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். வரிக் கடைசியில் வரும் 'அற்றது', 'மறைந்தது', 'பனி' மூன்றும்தான் இயைபு. அங்கே பேசும் கான்டனீஸ் சீனத்தில் மூன்றும் 'த்' என்று முடியும். நாக்கு மேலே ஒட்டி, காற்று வெளியே வராமல் நின்றுவிடும். தாங் காலத்திலும் அந்த அடைப்பு இருந்தது. இன்றைய பொதுச் சீனமான மாண்டரினில் ஜுவே, மியே, ஷுவே என்று இழுபடுகிறது, வெட்டு போய்விட்டது. நீங்கள் இருவரும் கண்ணாலேயே படிக்கிறீர்கள்.

பரணி:
அருமை. ஆனால் பனிக்கே முன்கதை வேண்டும் என்கிறேன். யோங்ஜோ இன்றைய ஹுனான் மாகாணத்தின் தென்கோடி. லியு வந்த பிறகு ஒரு குளிர்காலத்தில் பெரும்பனி மலைத்தொடரைத் தாண்டித் தெற்கே இறங்கியதாம். பனியையே கண்டிராத ஊர் நாய்கள், அது தீரும்வரை நாள்கணக்காகக் குரைத்துக்கொண்டு ஓடினவாம். அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் பனி சாதாரண விஷயமில்லை.

தூண்டில்காரன்:
நாய்களுக்காக ஒரு படி இறங்கி வருகிறேன். ஆனாலும் நீங்கள் இப்போது கொண்டுவந்தது பதவி போன கதையை அல்ல, பனியைத்தான். அதே யோங்ஜோவில் ஒரு சின்னப் பாறைக் குளத்தைப் பற்றி எழுதுகிறார்: நூறு மீன் இருக்கும், எதையும் பற்றாமல் வெறும் வெளியில் நீந்துவதுபோல, வெயில் அடிவரை இறங்கி அவற்றின் நிழல் கல்மேல் விழுகிறது. எவ்வளவு நேரம் குனிந்து பார்த்திருப்பார்!

பரணி:
அதன் முடிவையும் சொல்லுங்கள். சுற்றிலும் மூங்கில், ஆளரவமில்லை, குளிர் எலும்புவரை இறங்கியது, அதிக நேரம் இருக்க முடியாது என்று குறித்துவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ரசிக்கப் போனவர் ஏன் ஓடினார்?

மார்கழி:
எனக்கு வேறு சிக்கல். தமிழில் 'பனி' என்றால் விடியற்காலை புல்லில் நிற்கும் பனிதான் நினைவுக்கு வருகிறது. 'வெண்பனி' என்று போடக் கூடாதா?

தூண்டில்காரன்:
வேண்டாம். கவிதையில் எங்கேயும் வெள்ளை என்ற சொல் இல்லை.

பரணி:
அதில் நானும் அவர் பக்கம். மீன் என்ற சொல்லும் இல்லை, கவனித்தீர்களா? கடைசி வரியைக் 'குளிர் ஆற்றின் பனியைத் தூண்டிலிடுகிறான்' என்றே படிக்கலாம்.

தூண்டில்காரன்:
அதற்கு நாளைக்குத் தனியாகச் சண்டை போடுவோம்.