இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் வீட்டு வேலை யார் பொறுப்பு?

குறிஞ்சி:
மாலையில் இருவரும் களைத்துப்போய்த்தான் வீடு திரும்புகிறார்கள். ஒருவர் உட்காருகிறார், இன்னொருவர் நேரே அடுப்படிக்குப் போகிறார். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் உலக அளவில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இதை எப்படி நியாயம் என்று சொல்வது?

தொலைவானம்:
அந்தச் சராசரியில் வேலைக்குப் போகாத பெண்களும் சேர்த்திதானே? சம்பள வேலையில் ஆண்கள் செலவிடும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். குழாய் சரிசெய்வது, பில் கட்டுவது, வண்டியை சர்வீஸுக்கு விடுவது எல்லாம் யார் கணக்கில் வருகிறது?

குறிஞ்சி:
கூட்டினாலும் பெண்களின் மொத்த வேலை நேரமே அதிகம் என்கிறது அதே அறிக்கை. அப்புறம், குழாய் எப்போதாவதுதான் கெடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாம். பசித்து அழுகிற குழந்தையை அப்படி விட முடியுமா?

வெண்பா:
நேரக் கணக்கை விடுங்கள். என் கணவர் பாத்திரம் தேய்ப்பார், துணி துவைப்பார். ஆனால் தடுப்பூசித் தேதி, பள்ளிப் படிவத்துக்குக் கடைசி நாள், பிள்ளைக்குச் செருப்பு கடிக்க ஆரம்பித்தது, எல்லாம் என் தலையில்தான் ஓடுகிறது. நான் முக்கியமான மீட்டிங்கில் இருந்தாலும் பிள்ளைக்கு வாந்தி என்றால் பள்ளியிலிருந்து எனக்குத்தான் போன் வரும். அந்தக் களைப்பு எந்த நேரக் கணக்கிலும் வராது.

தொலைவானம்:
சரி, செய்கிறவர்கள் நிலையையும் கேளுங்கள். நான் மடித்து வைத்த துணியை என் கண் முன்னாலேயே பிரித்து மறுபடி மடிக்கிறார் என் மனைவி. செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம் என்றால் யாருக்குக் கை வரும்?

வெண்பா:
அது நியாயமான வருத்தம். மடித்தது மடித்தபடி இருக்கட்டும் என்று நாங்களும் விடத்தான் வேண்டும். ஆனால் ஒரு வேலையை எடுத்தால் முழுதாக எடுங்கள். மருத்துவரிடம் நேரம் வாங்குவதிலிருந்து கடைசி வேளை மருந்து கொடுப்பது வரை உங்களுடையதாக இருக்கட்டும். 'என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்' என்றால் பாதி வேலை எங்களிடமே நிற்கிறது.

கரைமணல்:
வீட்டுக்குள் மட்டும் பேசித் தீராது. நார்வே 1993இல் குழந்தை பிறப்பு விடுப்பில் 4 வாரத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது போய்விடும். அதற்கு முன் மிகச் சில தந்தையரே விடுப்பு எடுத்தார்கள், சில வருடங்களிலேயே பெரும்பாலோர் எடுக்கத் தொடங்கினார்கள். குழந்தையோடு தனியாக நாலு வாரம் இருந்தவருக்கு அது எதற்கு அழுகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொலைவானம்:
இதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆண் லீவு கேட்டால், 'ஏன், வீட்டில் அம்மா இல்லையா?' என்கிறார் மேலாளர்.

குறிஞ்சி:
பெண் கேட்டால் லீவு கிடைக்கும், பதவி உயர்வின்போது அது நினைவுக்கு வரும். ஆண்களும் கேட்க ஆரம்பித்தால்தான் அது மாறும். முதலில் பள்ளியில் உங்கள் எண்ணைக் கொடுங்கள்.

தொலைவானம்:
கொடுக்கிறேன். ஆனால் வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

வெண்பா:
பகலில் உங்கள் மனைவி பார்க்கட்டும். காய்ச்சல் இரவிலும் இருக்கும், அப்போது எழுந்திருப்பது நீங்களாக இருங்கள்.