நீதிமன்றத்தில் பாலிசி, செக்யூரிட்டி அனலிஸ்ட் வேலை: முதல் மூன்று மாதம் எதில் கை வைப்பது?

ஓலைக்கட்டு கேட்டது:
வணக்கம். நீதிமன்ற நிர்வாகப் பிரிவு ஒன்றில் இந்த வேலைக்குச் சேரப்போகிறேன். இதற்கு முன் ஐடி தணிக்கைதான். அங்கே இருப்பது 140 பக்கத்தில் ஒரே ஒரு பாதுகாப்புக் கொள்கை ஆவணம். 60 நாளுக்கொரு முறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும், யுஎஸ்பி கூடவே கூடாது என்றெல்லாம் இருக்கிறது, யாரும் பின்பற்றுவதாகத் தெரியவில்லை. நிஸ்ட் 800-53-ஐ (அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளின் பட்டியல்) வைத்து முழுசாகத் திருப்பி எழுதிவிடலாமா? முத்திரையிட்ட (உத்தரவால் பொதுப் பார்வைக்கு மூடிய) வழக்குக் கோப்புகள், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதல்) இரண்டுக்கும் எங்கிருந்து தொடங்குவது?

கல்வெட்டு:
முழுசாக எழுதாதீர்கள். 800-53-இன் ஐந்தாம் திருத்தத்தில் 20 கட்டுப்பாட்டுக் குடும்பங்கள். அதை அப்படியே இறக்கினால் 140 பக்கம் 400 ஆகும், அவ்வளவுதான்.

ஆவணத்தை மூன்றாகப் பிரியுங்கள். கொள்கை இரண்டு பக்கம், நீதிபதிகள் குழு ஒப்புதல் தருவது. அதற்குக் கீழே தரநிலை, அதற்கும் கீழே செய்முறை. எண் எதுவும் கொள்கைக்குள் வரக்கூடாது. "60 நாள்" என்பது கொள்கையில் உட்கார்ந்திருந்தால் அதை மாற்ற ஒவ்வொரு முறையும் குழு கூடவேண்டும். கூடாது, அதனால் மாறாது. உங்கள் ஆவணம் பழசாகிப்போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். (காலம் வைத்துப் பாஸ்வேர்டு மாற்றச் சொல்வதை நிஸ்டின் பாஸ்வேர்டு வழிகாட்டியான 800-63பி 2017-லேயே கைவிட்டுவிட்டது. கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மட்டும் மாற்றினால் போதும்.)

ஒவ்வொரு வரிக்கும் "இது நடக்கிறது என்பதற்கு எதைக் காட்டுவேன்?" என்று கேளுங்கள். பதில் ஒரு லாக், ஒரு பதிவேடு, ஒரு திரைப்பிடிப்பு என்று வரவில்லையென்றால் அந்த வரியை அடித்துவிடலாம்.

விதிவிலக்குப் பதிவேடு கட்டாயம்: யாருக்கு, ஏன், பதிலுக்கு என்ன பாதுகாப்பு, எந்தத் தேதியில் முடிகிறது. முடிவுத் தேதி இல்லாத விதிவிலக்கு நாளடைவில் கொள்கையாகவே ஆகிவிடும்.

தணிக்கையிலிருந்து வருபவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நீதிமன்றத்தின் மெயிலையும் சர்வரையும் அரசின் ஐடி துறை நடத்துகிறதா என்று முதல் வாரமே பாருங்கள். அரசு பல வழக்குகளில் ஒரு தரப்பு. அந்தத் துறையின் அட்மின், தீர்ப்பின் வரைவைத் திறந்து பார்க்க முடிகிற நிலை இருந்தால் அது வெறும் ஐடி பிரச்சினை அல்ல. ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்து வேண்டும்: அட்மின் நுழைவு லாக் நீதிமன்றத்தின் கைக்கு நேரடியாக வரவேண்டும், நீதிமன்றத் தரவைத் தேடித் தரும்படி எந்தத் துறை கேட்டாலும் நீதிமன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் தரக்கூடாது.

மெழுகுமுத்திரை:
முத்திரையிட்ட கோப்பு பற்றி. கோப்பைப் பூட்டுவது சுலபம், கசிவது அதன் ஓரங்களில். வழக்குத் தலைப்பில் பெயர், விசாரணைப் பட்டியல், தரப்புகளுக்குத் தானாகப் போகும் மெயில், தேடல் அட்டவணையில் தங்கிப்போன ஓசிஆர் (ஸ்கேன் படத்திலிருந்து பிரித்தெடுத்த) எழுத்து, சோதனை சர்வருக்கு நகலெடுத்த டேட்டாபேஸ்.

போலி வழக்கு ஒன்றை உருவாக்கி முத்திரையிடுங்கள். பிறகு வெளி ஆளாகத் தேடுங்கள்: பெயரால், எண்ணால், லிங்க்கிலுள்ள ஆவண எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி. முத்திரைக்கு முன்பே மெயிலில் போன லிங்க் இன்னும் திறக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் திறக்கும்.

ஆவணத்தில் ரகசியப் பகுதியை மறைக்கக் கறுப்பு அடிப்பது தனிக் கதை. 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் பிரச்சார மேலாளர் பால் மானஃபோர்ட் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருந்தது. காப்பி செய்து ஒட்டியவர்கள் படித்துவிட்டார்கள். பரிசோதனை ஒரு நிமிடம்: எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். உறுதியான வழி, மறைத்த பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்துக்குப் புதிதாக ஓசிஆர் எடுப்பது.

மிக ரகசியமானவற்றை ஆன்லைனில் வைக்காமலே இருக்கலாம். சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக நடந்த ஊடுருவலுக்குப் பிறகு, 2021 ஜனவரியில் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்கள் அத்தகைய ஆவணங்களைத் தாளிலோ பென்டிரைவிலோ வாங்கி, நெட்வொர்க்கில் இல்லாத தனிக் கணினியில் வைக்க முடிவெடுத்தன.

ஒவ்வொரு முத்திரைக்கும் உத்தரவு எண்ணும் மறுஆய்வுத் தேதியும் போடுங்கள். மறந்துபோன முத்திரை, திறந்த நீதிமன்றம் என்ற கொள்கைக்கே எதிரானது.

இரவுக்காவல்:
ரான்சம்வேருக்கு 2023 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சஸ் மாநில நீதிமன்றங்கள் தாக்கப்பட்ட சம்பவத்தைப் படியுங்கள். 105 கவுண்டிகளில் தனி மென்பொருளில் இயங்கிய ஜான்சன் கவுண்டி தவிர மற்றவை தாளுக்குத் திரும்பின. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கைவைக்கப்பட்டது விசாரணை ஒலி, ஒளிப்பதிவுகளில். பதிவு சர்வரை "சும்மா மீடியா" என்று பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.

காத்திருக்க முடியாதவை எவை என்று முதலில் எழுதிவையுங்கள்: ரிமாண்ட், ஜாமீன், ஆட்கொணர்வு மனு, பாதுகாப்பு உத்தரவு, குழந்தைக் காவல். இவற்றுக்கான தாள் படிவம் ஒவ்வொரு கோர்ட்டிலும் அச்சில் இருக்கவேண்டும். அடுத்த 5 வேலை நாள் பட்டியலைத் தினமும் மாலையில் அச்செடுத்து வையுங்கள். தாளில் வரும் மனுக்களுக்குத் தனி முன்னெழுத்தோடு தற்காலிக எண் கொடுங்கள், இல்லையென்றால் பிறகு சிஸ்டம் கொடுக்கும் எண்ணோடு மோதும். கெடு நாள் நீட்டிப்பு உத்தரவின் வரைவும் கையெழுத்து மட்டும் பாக்கி என்ற நிலையில் தயாராக இருக்கட்டும்.

பேக்கப் சர்வர் அதே டொமைனில் (ஒரே அட்மின் கணக்கு ஆளும் நெட்வொர்க்கில்) இருந்தால் அது பேக்கப்பே அல்ல; அட்மின் பாஸ்வேர்டு ஒன்று போனால் இரண்டும் போகும். "பேக்கப் வெற்றி" என்ற மெயிலை நம்பாமல், ஒரு கோர்ட்டின் டேட்டாபேஸைத் தனி மெஷினில் மீட்டு, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறியுங்கள்.

மீட்கும் வரிசை: பயனர் அடையாளம், வழக்கு மேலாண்மை, ஆவணங்கள், கடைசியில் மின்தாக்கல். அழுத்தத்தில் மின்தாக்கலை முதலில் திறந்தால், தாளில் வந்தவை ஏறுவதற்குள் புதியவை குவிந்து வரிசை குலைந்துவிடும்.

ஓலைக்கட்டு:
நன்றி. யுஎஸ்பி தடையை என்ன செய்வது? வக்கீல்கள் சிசிடிவி காட்சியைப் பென்டிரைவில்தானே கொண்டுவருகிறார்கள்?

கல்வெட்டு:
அதனால்தான் தடை முதல் நாளே உடைகிறது. பதிவாளர் அறைக்கு வெளியே நெட்வொர்க் இல்லாத கணினி ஒன்று வையுங்கள். ரைட் பிளாக்கர் (பென்டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) வழியாக இணைத்து, ஸ்கேன் செய்து, ஷா-256 ஹாஷை (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற எண்) ரசீதில் அச்சிட்டுக் கொடுத்து, நகலை மட்டும் உள்ளே அனுப்புங்கள். மூலப் பென்டிரைவ் உறையில் போய்விடும். சிசிடிவி கோப்போடு வரும் பிளேயர் மென்பொருளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கோர்ட் ஹால் கணினியில் ஏற்றாதீர்கள். அந்தத் தனிக் கணினியிலேயே ஓட்டுங்கள், எம்பி4 ஆக மாற்றினால் அதன் ஹாஷையும் தனியே குறியுங்கள்.