கவிழ்ந்த கயாக்கில் மறுபடி ஏறும்போது எங்கே தவறுகிறது?

கையில் வலு போதாததால்தான் ஏற முடியவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் காலில். உடம்பு நீரில் நேராகத் தொங்கினால் கால்கள் படகுக்கு அடியில் போய்விடும். இழுக்க இழுக்கப் படகு நம் மேலேயே சாயும். சிட்-ஆன்-டாப் (மேலே உட்கார்ந்து ஓட்டும் மூடிய கயாக்) என்றால், அடிப்பாகத்தின் மேலாகக் கையை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துப் புரட்டுங்கள். குப்புற மிதந்து, பாதம் நீர்மட்டத்துக்கு வரும்வரை உதையுங்கள். பிறகு ஒரே உந்து: தொப்புள் படகின் நடுவில் வர வேண்டும். மல்லாந்து உட்கார்ந்த பிறகே கால்களை உள்ளே எடுக்கலாம்.

காக்பிட் (கால்களை உள்ளே விட்டு உட்காரும் குழி) உள்ள கடல் கயாக்குக்கு இது மட்டும் போதாது, பேடில் ஃப்ளோட் வேண்டும்; துடுப்பின் முனையில் மாட்டி ஊதும் மிதவைப் பை அது. ஒரு காலைக் காக்பிட்டுக்குள் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலிப் படகைக் காற்று, நாம் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் தள்ளிக்கொண்டு போகும். பையைத் துடுப்பின் அலகில் (தட்டையான முனையில்) மாட்டி, பக்கிளைப் போட்டு, இரண்டு அறைகளையும் ஊதுங்கள். துடுப்புத் தண்டைக் காக்பிட்டின் பின்விளிம்பில் செங்கோணமாக வைத்து, தண்டையும் விளிம்பையும் ஒரே கையால் சேர்த்துப் பிடியுங்கள். முகம் பின்முனையைப் பார்க்க, பின்தளத்தில் நெஞ்சை ஏற்றி, ஒவ்வொரு காலாக உள்ளே விட்டு, பை இருக்கும் பக்கமாகவே திரும்பி உட்காருங்கள். மறுபக்கம் சாய்ந்தால் பை நீரைவிட்டு எழும்பிவிடும், கதை முடிந்தது.

ஏறியதுமே பையைக் கழற்றுகிறார்களே, அதுதான் இரண்டாவது முறை கவிழக் காரணம். உள்ளே தண்ணீர் அலைபாயும்போது படகுக்கு நிலைப்பே கிடையாது. முதலில் பம்ப். கைப்பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் இறைக்கும் என்பார்கள். களைத்த கைக்கு அவ்வளவு வராது. முன்னும் பின்னும் பல்க்ஹெட்டோ (நீர் புகாத தடுப்புச்சுவர்) காற்றுப்பையோ இல்லாத படகில் ஒரு முனை மூழ்கிச் செங்குத்தாக நின்றுவிடும். அதன்பின் எந்த உத்தியும் பலிக்காது.

உந்த முடியாதவர்களுக்குப் பட்டைக் கயிற்றில் ஒரு மிதிவளையம் உதவும். துடுப்புத் தண்டில் சுற்றித் தொங்கவிட்டு, காலை முழங்கால் மடங்கும் உயரத்தில் வைக்க வேண்டும். நீளம் கூடினால் கால் மறுபடி அடியில் போகும். லைஃப் ஜாக்கெட்டின் முன்பையில் பெரிய பொருள்கள் வேண்டாம், விளிம்பில் மாட்டும்.

குளிர்நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சைச் சீராக்கவே சரியாகப் போகும். விரல்கள் பயன்படும் காலம் ஏறக்குறைய 10 நிமிடம். பை ஊதுவதெல்லாம் அதற்குள்தான்.

சிட்-ஆன்-டாப் ஏற ஏறக் கவிழ்ந்தால், வடிகால் மூடி திறந்திருந்து படகின் கூட்டுக்குள் நீர் புகுந்திருக்கலாம். ஆட்டும்போது சலசலப்பு கேட்டால் ஏறும் முயற்சியை விட்டுவிட்டு, கவிழ்ந்த படகைப் பிடித்தபடி விசில் ஊதுங்கள்.