அலாய் வீல் மாத்தினதுல இருந்து 90 தாண்டினா ஸ்டியரிங் உதறுது, ஞாயித்துக்கிழமை டிராக் டே, உதவி பண்ணுங்க

ஆவடி_டர்போ | வியாழன், இரவு 11.40
அண்ணன்மாரே அவசரம். ஞாயித்துக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல டிராக் டே (நம்ம சொந்தக் காரை டிராக்ல ஓட்டற நாள்), பணம் கட்டியாச்சு. அதுக்குன்னே செகண்ட் ஹேண்ட்ல ஒரு அலாய் செட் டயரோட வாங்கி நேத்து மாட்டினேன், 90 வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, தாண்டினா ஸ்டியரிங் உதற ஆரம்பிக்குது, 110ல கையே மரத்துப் போகுது. ரெண்டு கடைல வீல் பேலன்சிங் (எடை எல்லாப் பக்கமும் சமமா இருக்கான்னு சுத்திப் பாக்கறது) பண்ணிட்டேன், ரெண்டு இடத்துலயும் மெஷின்ல ஜீரோ தான் காட்டுது. என்னவா இருக்கும்?

மடிப்பாக்கம்_மணி | 11.52
என்ன கார் ப்ரோ? ரிம் எத்தனை இன்ச், டயர் சைஸ் என்ன? பழைய வீலை திருப்பி மாட்டிப் பாத்தீங்களா?

சேலம்_சாரதி | வெள்ளி, காலை 12.05
கண்டிப்பா வீல் அலைன்மென்ட் தான். எனக்கும் இதே மாதிரி இருந்துச்சு, டோ (வீல் முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற அளவு) சரி பண்ணதும் போயிடுச்சு.

மடிப்பாக்கம்_மணி | 12.11
டோ தப்பா இருந்தா டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட ஸ்பீடுக்கு மேல மட்டும் உதறுதுன்னா சுத்துற சாமான்ல ஏதோ ஒண்ணு நடு தப்பி சுத்துதுன்னு அர்த்தம்.

பிட்லேன்_பெரியவர் | காலை 6.20
கார் பேரைக்கூட போடாம உதவி கேட்டா யார் என்ன சொல்ல முடியும். பத்து வருஷமா இதே கதையைத்தான் பாக்குறேன். முதல்ல டயர் சைட்வால்ல (பக்கச் சுவர்ல) டாட் கோட் பாருங்க, டயர் தயாரிச்ச தேதி அதுல இருக்கும், கடைசி நாலு நம்பர், முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். 3118னா 2018ல 31வது வாரம். வாங்கினவங்க யாரும் அதைப் பாக்கறதில்ல, பட்டன் (ரோட்டுல படற ரப்பர் கட்டை) தேயலையே புதுசு தானேன்னு நினைச்சுக்குவாங்க. ரப்பர் இறுகிப்போன டயரோட சி1 (டிராக்கோட முதல் வளைவு) உள்ள போனா காரே கையில நிக்காது. நம்பரைச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

ஆவடி_டர்போ | காலை 9.15
சாரி சாரி ஆபீஸ் அவசரத்துல விட்டுட்டேன். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. ரிம் 16, டயர் 195/55. பழைய வீல் போட்டா ஒண்ணுமே இல்ல. பிசிடி (போல்ட் ஓட்டைங்க இருக்கற வட்டத்தோட அளவு) 5/100 தான், அதாவது அஞ்சு போல்ட், 100 மில்லி வட்டம், கரெக்டா உக்காந்துச்சு.

லேத்து_குமரன் | 9.31
தம்பி பிசிடி சேந்தா மட்டும் போதாது. ரிம் நடு ஓட்டை எவ்வளவு? போலோ ஹப் (வீல் உக்கார்ற நடு அச்சு) 57.1 மில்லிமீட்டர். வெளி மார்க்கெட் அலாய் நிறைய 73.1 ஓட்டையோட வரும், பல காருக்கும் ஒரே ரிம்மை விக்கறதுக்காக. அப்படின்னா ஹப்பைச் சுத்தி 8 மில்லி காலியா இருக்கு, நடுவுல அந்த இடைவெளியை அடைக்கிற ரிங் இல்லாம வீலை ஹப் தாங்காது, போல்ட் இழுத்த இழுப்புக்கு எங்க நிக்குதோ அங்க நிக்கும். பேலன்சிங் மெஷின்ல ஏன் ஜீரோ காட்டுதுன்னா அங்க கோன் வெச்சு நடு ஓட்டையிலேயே பிடிக்கிறாங்க, அங்க வீல் சரியா நடுவுல தான் சுத்தும். கார்ல மாட்டும்போது தான் தப்புது. எத்தனை கடை போனாலும் ஜீரோ தான் வரும்.

அப்புறம் இதுதான் முக்கியம், போல்ட் எது போட்டீங்க? கம்பெனி போல்ட்டா?

ஆவடி_டர்போ | 9.40
ஆமா கம்பெனி போல்ட் தான். ஏன்?

லேத்து_குமரன் | 9.58
இன்னிக்கு அந்தக் காரை எடுக்காதீங்க. ஒரு போல்ட்டைக் கழட்டி கையில வெச்சுப் பாருங்க. தலைக்குக் கீழ ரிம்முல உக்கார்ற இடம் கோலிக்குண்டு மாதிரி உருண்டையா இருக்கும். வெளி அலாய்ல பெரும்பாலும் அந்த இடம் கூம்பு, 60 டிகிரி சரிவு. உருண்டையைக் கூம்புல வெச்சா முழுசா படியாது, ஒரே ஒரு கோட்டுல தான் தொடும். ரிம் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, நூல் தடிமனுக்கு ஒரு பளபளப்பு வளையம் மட்டும் தெரிஞ்சா அதான். நீங்க என்ன டார்க் (இறுக்கும் விசை) வெச்சு இறுக்கினாலும் நாலு லேப்ல லூசாகும். என் பட்டறைக்கு ஒரு ரிம் வந்துச்சு, அஞ்சு ஓட்டையும் முட்டை வடிவமா தின்னு போய், அலுமினியத் தூள் ஹப் பூரா படிஞ்சு கிடந்துச்சு. ஓட்டினவர் நல்லா இருக்கார், அது அவர் அதிர்ஷ்டம்.

சேலம்_சாரதி | 10.10
அதெல்லாம் சரி, டிராக்குக்குப் போறதுன்னா நைட்ரஜன் அடிச்சுட்டுப் போங்க, சூடானாலும் பிரஷர் ஏறாது.

மடிப்பாக்கம்_மணி | 10.22
ஏறாதுன்னு யார் சொன்னது? காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான். எந்த வாயுவா இருந்தாலும் சூடானா பிரஷர் ஏறும். 35 டிகிரில 30 பிஎஸ்ஐ அடிச்சு உள்ள 80 டிகிரி ஆச்சுன்னா 36க்கு மேல வரும், நைட்ரஜனா இருந்தாலும் அதே தான்.

சேலம்_சாரதி | 10.30
அப்புறம் எதுக்கு ரேஸ் டீம் எல்லாம் நைட்ரஜன் போடறாங்க? சும்மாவா?

மடிப்பாக்கம்_மணி | 10.41
ஈரம் இல்லாததால. பஞ்சர் கடை கம்ப்ரசர் டேங்க்ல தண்ணியை வடிக்கவே மாட்டாங்க, அது டயருக்குள்ள போயி ஆவியானா பிரஷர் கணக்கில்லாம ஏறும். காஞ்ச காத்து அடிச்சா போதும்.

சேலம்_சாரதி | 10.44
நான் ரெண்டு வருஷமா நைட்ரஜன் போடறேன், காத்து இறங்கினதே இல்ல. அனுபவத்துல சொல்றேன்.

பிட்லேன்_பெரியவர் | 11.05
ரெண்டு பேரும் நிறுத்துங்க. அவர் கேட்டது உதறலுக்கு, நீங்க பேசறது காத்தைப் பத்தி. குமரன் சொன்னது சரி, ஆனா ஒரு திருத்தம். கூம்பு போல்ட் சரியா இருந்தா அதுவே வீலை நடுவுல கொண்டு வந்துரும், ரிங் இல்லாமலும் ஓடும். ரிங் வந்து மாட்டும்போது நேரா உக்கார வைக்கத்தான், எடை தாங்கறதுக்கு இல்ல. தெரியாதவங்க ரிங்கைப் போட்டுட்டு தப்பான போல்ட்டை விட்டுருவாங்க. போல்ட் தான் முதல்.

லேத்து_குமரன் | 11.20
ஒத்துக்கறேன் சார், போல்ட் தான் முதல். ஆனா தொங்குற வீலை ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டு கூம்புல நடு சேக்கறது கஷ்டம், அதனால ரிங்கும் போடச் சொல்லுவேன். பிளாஸ்டிக் ரிங் வேண்டாம், டிராக்ல பிரேக் சூட்டுல இளகி ஹப்போட ஒட்டிக்கும். அம்பத்தூர் எஸ்டேட்ல எந்த லேத்து பட்டறையிலயும் வெளி 73.1 உள் 57.1ன்னு சொன்னா அலுமினியத்துல கடைஞ்சு தருவாங்க. முதல்ல வெர்னியர் வெச்சு உங்க ரிம்மை அளந்துட்டுப் போங்க, என் நம்பரை நம்பிப் போகாதீங்க. ஹப் முகத்துல துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுடுங்க, அதுவும் உதறலுக்கு ஒரு காரணம்.

போல்ட் எம்14 (14 மில்லி தடிமன்), 1.5 பிட்ச் (மரை இடைவெளி), கூம்புத் தலை. நீளம் பாத்து வாங்குங்க, கையாலயே குறைஞ்சது எட்டு சுத்து உள்ள போகணும். 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச்ல, நட்சத்திரம் போடற மாதிரி எதிரெதிரா. கடைப் பையன் ஏர் கன்ல அடிச்சு விடறதை நம்பி டிராக் போகாதீங்க.

மடிப்பாக்கம்_மணி | 11.48
இன்னும் சில விஷயம், நான் போய் பட்டு கத்துக்கிட்டது. ரிம்முக்குள்ள ஒட்டின பேலன்சிங் வெயிட் சூட்டுல கழண்டு விழும், சுத்தமா துடைச்சுட்டு மேல அலுமினிய டேப் ஒட்டிடுங்க. நடு மூடி, பிளாஸ்டிக் லோகோ எல்லாம் வீட்டுலயே கழட்டி வெச்சுடுங்க. டயர் தோள்பட்டைல வெள்ளை சாக்பீஸ்ல குறுக்கே ஒரு கோடு போடுங்க, முதல் செஷன் (டிராக்ல ஒரு தடவை ஓட்ட விடற நேரம்) முடிஞ்சு வந்து பாத்தா கோடு எது வரைக்கும் அழிஞ்சிருக்குன்னு தெரியும். சைட்வால் வரைக்கும் அழிஞ்சா காத்து கம்மி, தோளைத் தொடவே இல்லைன்னா அதிகம். அந்த டிராக்ல வலது வளைவு ஜாஸ்தி, இடது முன் டயர் தான் அடி வாங்கும், அதைத்தான் முதல்ல பாக்கணும். சூட்டுல காத்தை இறக்கி விட்டீங்கன்னா வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி அடிச்சுக்கங்க, ஆறினா 25க்குக் கீழ போயிருக்கும், ஹைவேல ஆபத்து.

பிட்லேன்_பெரியவர் | மதியம் 12.15
டிராக்ல ஓட்டி முடிச்சு உள்ள வந்ததும் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, கியர்ல விட்டு வீலுக்குக் கட்டை வைங்க. முதல் செஷன் முடிஞ்சு ஆறினப்புறம் இருபது போல்ட்டும் ஒரு தடவை ரெஞ்ச் போட்டுப் பாருங்க. அப்புறம் டாட் கோட் கேட்டேன், இன்னும் பதில் வரல.

ஆவடி_டர்போ | சனி, இரவு 9.30
குமரன் அண்ணா, நடு ஓட்டை 73.1 தான். டார்ச் அடிச்சேன், நீங்க சொன்ன மாதிரியே மெல்லிசா ஒரு வளையம், பாத்ததும் வயிறு கலங்கிடுச்சு. நேத்து இதே போல்ட்ல பெங்களூர் ஹைவேல 110 போயிருக்கேன். ரிங் கடைஞ்சாச்சு, புதுப்பேட்டைல அலைஞ்சு கூம்பு போல்ட் 20 வாங்கிட்டேன். இப்போ 120லயும் உதறல் இல்ல. ரொம்ப ரொம்ப நன்றி அண்ணா. காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பணும்.

சேலம்_சாரதி | 9.42
சூப்பர் ப்ரோ. நைட்ரஜன் அடிச்சீங்களா?

லேத்து_குமரன் | 9.50
சந்தோஷம் தம்பி. பழைய கம்பெனி போல்ட்டைத் தனியா கவர்ல போட்டு பேர் எழுதி வைங்க. ஸ்டெப்னி மாட்ட வேண்டி வந்தா அதுக்கு உருண்டை போல்ட் தான், கூம்பைப் போட்டுடாதீங்க. டிக்கிலயே இருக்கட்டும்.

ஆவடி_டர்போ | ஞாயிறு, மாலை 6.05
வீட்டுக்கு வந்துட்டேன். அஞ்சு செஷன் ஓட்டினேன். முதல் செஷன் முடிஞ்சு செக் பண்ணப்போ இடது முன் வீல்ல ஒரு போல்ட் இறுக்கினப்போ கால் சுத்து போச்சு, அப்புறம் எதுவும் அசையல. ஆனா கடைசி செஷன்ல அந்த டயர் ரொம்ப வழுக்க ஆரம்பிச்சுது, தோள்ல சின்னச் சின்னதா வெடிப்பு தெரியுது. போட்டோ அப்புறம் போடறேன்.

பிட்லேன்_பெரியவர் | 6.20
டாட் கோட்?

பிட்லேன்_பெரியவர் | புதன், காலை 7.00
தம்பி, வெடிப்போட ரோட்டுல ஓட்டிட்டு இருக்கீங்களா? பழைய வீலை மாட்டிட்டீங்கன்னா அதை மட்டுமாவது ஒரு வரி சொல்லுங்க.